படகுக்கு முதலில் சக்கரம் வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. இத்தனைக்கும் கடற்கரை அங்கிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் படகுகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் தண்ணீர் நின்றது ஊருக்குள், படகு நின்றது மணலில். இரண்டுக்கும் நடுவே இருந்த சில பத்துக் கிலோமீட்டர்களைக் கடக்க லாரி தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ‘மேலும் படகுகள் வாங்கப்படும்’ என்ற அறிவிப்பு வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை முதலில் படகுக்கான டிரெய்லருக்குச் செலவிட வேண்டும். அந்த டிரெய்லர் புதிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்ப் பட்டறையில் ஒழுங்காகச் சரிசெய்யப்பட்ட பழைய டிரெய்லரே போதும்.

2018 ஆகஸ்டில் கேரளம் இதே சிக்கலை இன்னும் பெரிய அளவில் பார்த்தது. கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழைக் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டா, செங்கன்னூர், ஆரன்முளை, ஆலுவா பக்கம் விரைந்தார்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்பது அப்போது வெளியான கணக்கு. அவர்களைக் கேரளத்தின் படை என்று முதல்வர் பினராயி விஜயன் பாராட்டியது மிகையில்லை. அந்தத் தீரத்தைப் போற்றும் நாம், அதன் நடைமுறைச் சிரமத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. லாரியின் தளம் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கிறது. குப்பத்தில் படகை ஏற்றுவதற்கு இருபது பேர் ஓடி வருவார்கள், துறைமுகம் பக்கத்தில் இருந்தால் கிரேனும் கிடைக்கும். இறக்குமிடத்தில் இரண்டும் கிடையாது. நள்ளிரவில், மின்சாரமில்லாத ஓர் உள்நாட்டு ஊரில், முழங்கால் நீரில் நின்றுகொண்டு நாலைந்து பேர் அதை இறக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக மறுபடியும் ஏற்ற வேண்டும். ஏற்றி இறக்கியதிலும், மூழ்கிய மதில்களிலும் மரங்களிலும் மோதியதிலும் பல படகுகள் சேதமடைந்தன. பழுதுபார்க்கும் செலவை அரசு ஏற்பதாக அறிவிக்க வேண்டிவந்தது.

அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2017 ஆகஸ்ட் இறுதியில், ஹார்வி புயல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்தது. பக்கத்து மாநிலமான லூசியானாவிலிருந்து ‘கேஜன் நேவி’ என்று அழைக்கப்படும் தன்னார்வலர்கள் படகுகளோடு வந்து சேர்ந்தார்கள். 2005 கத்ரீனா வெள்ளத்தில் தோன்றி, 2016இல் பேட்டன் ரூஜ் மூழ்கியபோது மீண்டும் கூடிய கூட்டம் அது. அவர்களும் கேரள மீனவர்களைப் போலச் சாதாரண மக்கள்தான். ஆற்றிலும் சதுப்பிலும் மீன் பிடிக்கவும் வாத்து வேட்டையாடவும் வைத்திருந்த, தட்டையான அடிப்பகுதி கொண்ட சிறு அலுமினியப் படகுகளைத்தான் கொண்டுவந்தார்கள். வித்தியாசம் படகுக்குக் கீழே இருந்தது. சொந்த வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கோத்து இழுத்து வந்தார்கள். நெடுஞ்சாலைச் சரிவு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் வண்டியைப் பின்னோக்கி விட்டார்கள். டிரெய்லர் நனைந்ததும் படகு தானே மிதந்தது. இரண்டு பேர் இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடியும், திரும்ப ஏற்றுவதும் அதே அளவு எளிது. லூசியானாவில் பழைய டிரெய்லரை வாங்கி, வீட்டு வாசலில் பிரித்துப்போட்டு, பேரிங் மாற்றி, வர்ணம் அடித்து ஓட்டுவது விடுமுறை நாள் வேலைகளில் ஒன்று. பேரிடருக்காக யாரும் திட்டமிட்டு உருவாக்காத அந்தப் பழக்கம், பேரிடர் வந்தபோது ஊரைக் காப்பாற்றியது. மன உறுதியில் கொல்லத்துக்காரர்கள் லூசியானாக்காரர்களுக்கு எள்ளளவும் குறைந்தவர்கள் இல்லை. டிரெய்லர் இல்லாததால் அவர்களுக்குக் கூடுதலாகச் செலவானது நேரமும் ஆள்பலமும். வெள்ளத்தில் இந்த இரண்டும்தான் கிடைக்காத பொருள்கள்.

கடலோர மாவட்டங்களைத் தாண்டி யோசித்தால் இதன் அவசியம் இன்னும் கூடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கும் அதிகமான தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் இரவோடு இரவாக மூழ்கின. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் உட்பகுதிகளில் படகு என்பது அன்றாடம் கண்ணில் படும் பொருளே கிடையாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. பயிற்சியிலும் கருவியிலும் குறை சொல்ல முடியாத படை அது. ஆனால் அரக்கோணத்திலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சாலைகள் அறுபட்ட நாளில் அந்தத் தூரம் இரண்டு மடங்காகிவிடும். வெள்ளத்தின் முதல் சில மணி நேரத்தில் வந்து சேரக்கூடியது வெள்ளம் வந்த ஊராட்சி ஒன்றியத்திலேயே நிற்கும் படகு மட்டும்தான். அப்படி ஒன்றை நிறுத்திவைப்பதாக இருந்தால், அது எப்போதும் சக்கரத்தின் மேலேயே நிற்க வேண்டும்.

சரி, பழைய டிரெய்லர் எதற்கு? அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது என்பது முதல் காரணம். டிராக்டர் நுழையாத ஒன்றியம் தமிழ்நாட்டில் இல்லை, டிராக்டர் உள்ள இடத்தில் டிரெய்லரும் உண்டு. தொட்டி ஓட்டையாகி ஓரங்கட்டப்பட்ட தண்ணீர் டேங்கர், தளம் இற்றுப்போன பவர் டில்லர் டிரெய்லர், ஏலத்துக்குக் காத்திருக்கும் அரசு வண்டி என ஊராட்சி அலுவலகங்களின் பின்புறத்திலும் வெல்டிங் பட்டறைகளின் வாசலிலும் இவை கிடக்கின்றன. இவற்றில் தொட்டியும் தளமும்தான் பெரும்பாலும் கெட்டிருக்கும், ஆக்சிலும் அடிச்சட்டமும் பிழைத்திருக்கும். படகுக்குத் தேவைப்படுவது அந்தப் பிழைத்த பாகம்தான். 14 அடி அலுமினியப் படகு வெறுமையாக 100 முதல் 150 கிலோ இருக்கும். 15 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய 50 கிலோ. எரிபொருள், துடுப்பு, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்தாலும் 300 கிலோவைத் தாண்டுவது அரிது. டன் கணக்கில் மணலும் நெல்லும் சுமந்த ஆக்சிலுக்கு இது ஒரு பாரமே இல்லை. இரண்டாவது காரணம், உதிரி பாகம். உள்ளூர் டிராக்டர் டிரெய்லரின் பேரிங்கும் சீலும் எந்த ஒன்றியத் தலைமையிடத்திலும் கடையில் கிடைக்கும். தனியாக வரவழைத்த வெளிநாட்டுப் படகு டிரெய்லருக்குப் பழுது வந்தால், பாகம் வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடலாம்.

ஆனால் பழைய டிரெய்லரின் மேல் படகைத் தூக்கி வைத்துக் கயிறு கட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தால் அது ஆபத்து. சுமை வண்டியைப் படகு வண்டியாக மாற்றுவதில் தனி நுணுக்கம் இருக்கிறது. டன் கணக்கான பாரத்துக்கென்று அடுக்கிய பட்டை ஸ்பிரிங், 300 கிலோ படகின் கீழ் வளைந்தே கொடுக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் படகைத் தூக்கிப் போடும், நாளடைவில் ரிவெட்டுகள் தளர்ந்துவிடும். ஆகவே பட்டைகளில் சிலவற்றைக் கழற்றிக் குறைக்க வேண்டும், அல்லது இலகுவான ஆக்சில் பூட்ட வேண்டும். உயரமும் முக்கியம். தளம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த ஆழத்தில் படகு மிதக்கும். பெட்டியைக் கழற்றிவிட்டு, நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்களைப் பொருத்தி, தேங்காய் நார் விரிப்போ பழைய கார்ப்பெட்டோ சுற்றினால் படகின் அடிப்பகுதி முழு நீளத்துக்கும் படுக்கும். அந்தச் சட்டங்கள் படகின் பின்பலகை வரை எட்ட வேண்டும். எஞ்சினின் முழு எடையும் அங்கேதான் தொங்குகிறது. சட்டம் ஓரடி குறைந்தாலும் படகு நாளடைவில் அடியில் வளைந்துவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்பக்கக் கொக்கியில் விழும்படி படகை அமர்த்த வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும்.

சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்தான் படகு டிரெய்லரின் உயிர்நிலை. முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருக்கும். அப்படியே விட்டால் சில வாரங்களில் பேரிங்கில் துரு ஏறும், துருவேறிய பேரிங் நெடுஞ்சாலையில் இறுகிச் சக்கரத்தையே கழற்றிவிடும். சும்மா ஓடும் டிராக்டர் டிரெய்லருக்கு ஆண்டுக்கொரு கிரீஸ் போதும் என்றால், படகு டிரெய்லருக்கு ஒவ்வொரு முறை நனைந்த பிறகும் கிரீஸைச் சோதித்து, வெளுத்திருந்தால் மாற்ற வேண்டும். டயரும் இப்படித்தான் ஏமாற்றும். நின்றே கிடந்த டிரெய்லரின் டயரில் பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும், ஆனால் பக்கச்சுவர் வெடித்திருக்கும். பக்கச்சுவரில் பொறித்த கடைசி நான்கு எண்களைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்தது. சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் அவசியம். குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளிவர்ணம் அதை மறைத்துவிடும். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடத்தை வெட்டி எறிந்து புதுச் சேனல் வைக்க வேண்டும். துருவின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டி வெல்டிங் வைப்பது மோசடிக்குச் சமம். இவற்றில் எதுவும் நம் லேத் பட்டறைக்காரர்களுக்கும் வெல்டர்களுக்கும் கைவராத வேலை இல்லை. எதைச் செய்ய வேண்டும் என்ற தெளிவான குறிப்பை எழுதிக் கொடுப்பதுதான் அரசின் வேலை.

இதற்கு வரக்கூடிய எதிர்வாதங்கள் சாதாரணமானவை அல்ல. லாரி இருக்கும்போது டிரெய்லர் எதற்கு என்பது முதலாவது. லாரி, வெள்ள நாளில் எல்லோருக்கும் வேண்டிய வண்டி. உணவு, பால், மருந்து, மணல் மூட்டை எல்லாவற்றையும் அதுவே சுமக்க வேண்டும். படகைத் தூக்கிக்கொண்டு வந்த லாரி, படகு தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கரையில் காத்துக் கிடக்கும். டிரெய்லரை இழுத்து வந்த டிராக்டரோ அதைக் கழற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். மேலும், சாலையில் இரண்டடித் தண்ணீர் ஓடும்போது பல லாரிகள் தயங்கும் இடத்திலும் டிராக்டர் நிதானமாகப் போகும். மணலில் ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து இழுப்பது நம் கடற்கரைகளில் ஏற்கெனவே நடப்பதுதான். காற்றடைத்த ரப்பர் படகு போதாதா, அதை மடித்து ஜீப்பில் வைக்கலாமே என்பது இரண்டாவது. பயிற்சி பெற்ற படைக்கு அது அருமையான கருவிதான். ஆனால் வேலிக் கம்பியும் கருவேல முள்ளும் இரும்பு கேட்டும் மூழ்கிக் கிடக்கும் கிராமத்துத் தெருவில் ரப்பர் எளிதில் கிழியும். வருடக்கணக்கில் மடித்துவைத்தாலோ மடிப்பிலேயே விரிசல் விடும். இரண்டும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டியவை. வெளியிலிருந்து வரும் படைக்கு ரப்பர் படகு, உள்ளூரில் நிற்கும் கைக்கு அலுமினியப் படகு.

மூன்றாவது எதிர்வாதம் சட்டம் சார்ந்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஆகவே அதற்குப் பதிவு வேண்டும், பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். அரசே பழைய வண்டியை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினால் அது தவறான முன்னுதாரணம் ஆகாதா என்று கேட்பது நியாயம். இதை ஒரு தடையாகப் பார்க்காமல் பாதுகாப்பாகவே பார்க்கலாம். பதிவுள்ள டிரெய்லரை மட்டுமே எடுப்பது, மாற்றத்துக்கான வரைபடத்தை மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக வைப்பது, வேலை முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிச் சான்று பெறுவது என்ற மூன்றும் இருந்தால் மலிவு என்பது ஆபத்தாக மாறாது. பின்விளக்கு எரியாமல், எண் பலகை இல்லாமல், இருட்டில் நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் டிராக்டர் டிரெய்லர்களால் நேரும் விபத்துகள் நமக்குப் புதிதல்ல. மீட்புக்குப் போகும் வண்டியே விபத்துக்குக் காரணமாகக் கூடாது. தண்ணீர் புகாத எல்.இ.டி. விளக்கும், கொக்கி விட்டாலும் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சங்கிலியும், வண்டியின் முழு அகலத்துக்கு ஒளிரும் பட்டையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் நான்காவது. அரசு வாங்கும் எதுவும் கொட்டகையில் துருப்பிடிக்கும், இதுவும் துருப்பிடிக்கும் என்பது. இதை மறுத்துப் பேச முடியாது. காவல் நிலைய வாசல்களும் வட்டாட்சியர் அலுவலக வளாகங்களும் அதற்குச் சாட்சி. வெள்ளத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்கும் கருவி எதுவானாலும் இந்தக் கதிதான் நேரும். ஆகவே டிரெய்லரின் உண்மையான பயன், அது படகை மற்ற நாள்களிலும் வேலை செய்ய வைக்கிறது என்பதில் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறைகளில் கூடும் கூட்டத்துக்குக் காவல் படகு வேண்டும். ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கியவர்களைத் தேட, தீயணைப்புத் துறைக்கு ஆண்டு முழுவதும் படகு தேவைப்படுகிறது. ஆகாயத்தாமரை அகற்றவும், நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடவும், மதகைப் பார்வையிடவும் மூன்று துறைகள் தனித்தனியே படகு தேடுகின்றன. ஓரிடத்தில் கட்டிக் கிடக்கும் படகு ஒரு துறைக்கு மட்டுமே உதவும். சக்கரத்தில் நிற்கும் படகை ஒன்றியம் முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறையாவது சாலையில் ஓடும் டிரெய்லரின் பேரிங் இறுகாது, டயர் ஒரே பக்கம் அமுங்காது, ஓட்டுநருக்கும் பின்னோக்கி விடும் பழக்கம் விட்டுப்போகாது. டிரெய்லரைப் பின்னோக்கி விடுவது பழகாதவருக்கு எளிதில் வராத வித்தை. அதை வெள்ளத்தன்று இரவில் கற்றுக்கொள்ள முடியாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, மாவட்ட நிர்வாகத்துக்கு இத்தகைய முன்னேற்பாடுகளைச் செய்யும் பொறுப்பை ஏற்கெனவே தந்திருக்கிறது. பேரிடர்க் காலத்தில் உதவ ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். தேவைப்படுவது சிறிய, கண்ணுக்குத் தெரியும் ஒரு தொடக்கம். தாமிரபரணி, தென்பெண்ணை, கொள்ளிடம், அடையாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் கரையோர ஒன்றியங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு படகும் சரிசெய்த டிரெய்லரும் போதும். தீயணைப்பு நிலையமே அதன் பொறுப்பாளராக இருக்கட்டும். பெயர் சொல்லி ஒருவரிடம் சாவியும் பதிவேடும் ஒப்படைக்கப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஹப்பைத் திறந்து, கிரீஸ் மாற்றி, படகைப் பக்கத்துக் குளத்தில் இறக்கி ஏற்றிக் காட்டி, எத்தனை நிமிடம் ஆனது என்று அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எண்ணிக்கையைக் காட்டி எத்தனை படகு வாங்கினோம் என்று சொல்வதைவிட, எத்தனை ஒன்றியங்களில் படகு பத்து நிமிடத்துக்குள் தண்ணீரில் இறங்குகிறது என்று சொல்வதே நேர்மையான கணக்கு. இனி மீட்புப் படகுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, அது நிற்கப்போகும் டிரெய்லர் தயாராக இருக்கும் ஒன்றியத்துக்கு மட்டுமே படகு வழங்கப்படும் என்ற நிபந்தனையை அரசு சேர்க்கட்டும்.